பாட்டு ஓடும்போதும் காலிங் பெல் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் எழும்பும் மாடி வீடுகளில் அறைக்கு அறை ஸ்பீக்கர் பதிப்பது சகஜமாகிவிட்டது. காலிங் பெல் மட்டும் பழையபடி ஹாலில் ஒன்றே ஒன்று. வேலூர் வெயிலுக்குக் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டு, பாட்டும் ஓடினால் மாடியில் இருப்பவருக்கு பெல் கேட்காது. சிலிண்டர்காரர் திரும்பிப் போய்விடுவார். கீழே படுத்திருக்கும் பெரியவர் கூப்பிட்டாலும் அதே கதிதான். இருக்கிற ஸ்பீக்கர்களிலேயே பெல்லையும் அழைப்பையும் கொண்டுவர முடியும். சுவர் பூசுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும்.

பலர் செய்யும் தவறு, பாட்டு ஆம்ப்ளிஃபையர், பெல் ஆம்ப்ளிஃபையர் இரண்டின் அவுட்புட்டையும் ஒரே ஸ்பீக்கர் வயரில் முறுக்கிவிடுவது. ஒன்று மற்றொன்றுக்குள் கரண்டைத் தள்ளும்; கடைசியில் ஒன்றாவது புகையும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால்தான் கலக்க வேண்டும். அங்கேயும் நேராகச் சேர்க்காமல் ஒவ்வொரு சிக்னல் வயரிலும் 1 கே (1000 ஓம்) ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள்.

வீடு முழுவதற்கும் மைக் செட்காரர்கள் வைத்திருக்கும், பல ஸ்பீக்கர்களுக்கு உயர் வோல்டேஜில் சிக்னல் அனுப்பும் 100 வோல்ட் லைன் ஆம்ப்ளிஃபையரே பொருத்தம். 8 ஓம் ஸ்பீக்கர் நான்கை இணையாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். சாதாரண ஆம்ப்ளிஃபையர் தாங்காது. லைன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்பீக்கர் 8 என்றால், ஒவ்வொன்றும் 6 வாட் டேப்பில் (ஸ்பீக்கர் எடுக்கும் வாட்டைத் தேர்வு செய்யும் முனை) மொத்தம் 48 வாட். 60 வாட் ஆம்ப்ளிஃபையர் நிம்மதியாக ஓடும். இசையை நுணுக்கமாகக் கேட்பவர்கள் ஹாலுக்குத் தனி செட் வைத்துக்கொள்ளட்டும். இந்த லைனில் ஷாக் அடிக்கும் அளவுக்கு வோல்டேஜ் உண்டு; கரண்ட் வயர் போகும் பைப்பில் இதை இழுக்கக் கூடாது, தனி பைப் வேண்டும்.

பெல்லுக்கு 230 வோல்ட் காயில் உள்ள இரட்டைக் கான்டாக்ட் ரிலே (கரண்ட் வந்ததும் இரண்டு சுவிட்சை ஒன்றாக இயக்கும் கருவி) ஒன்றை, இருக்கும் பெல்லுக்கு இணையாகக் கொடுங்கள். பழைய பெல்லைக் கழற்றாதீர்கள். ஒரு கான்டாக்ட், மணியோசை பதிந்த எம்பி3 போர்டின் டிரிகர் (ஒலியைத் தொடங்கும்) முனைக்குப் போகும். மற்றொன்று ஆம்ப்ளிஃபையரின் மியூட் முனைக்குப் போய்ப் பாட்டு வரும் இன்புட்டை மட்டும் அடக்கும்; எம்பி3 போர்டு அடங்காத இன்புட்டில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வந்தவர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்ததும் ரிலே விட்டுவிடும். மணி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு மேலேறி அதை விழுங்கிவிடும். மியூட் பக்கம், ரிலே விட்ட பிறகும் 5 விநாடி பாட்டை அடக்கி வைக்கும் ஆஃப் டிலே டைமர் ஒன்று சேர்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, அறையில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்திருந்தால் பெல்லும் கேட்காது. 24 வோல்ட் ரிலே உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோல்கள் கிடைக்கின்றன. அறிவிப்பு வரும்போது வால்யூமைத் தாண்டி முழுச் சத்தத்தில் விடும். இதற்காகவே ஒவ்வொரு அறைக்கும் 2 கோர் (இரண்டு கம்பி) வயர் போதாது, ஸ்பீக்கருக்கு இரண்டு, 24 வோல்ட்டுக்கு இரண்டு என 4 கோர் இழுக்கச் சொல்கிறோம். படுக்கையறையில் அந்த முழுச் சத்தம் தூக்கிவாரிப் போடும். 6 வாட் டேப்பை 3 ஆக்கினால் 3 டெசிபல்தான் குறையும், பெரிய வித்தியாசம் தெரியாது, 1.5 வாட்டில் வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் அறைக்கு அந்த 24 வோல்ட்டை நிறுத்த ஒரு சுவிட்சும் போடலாம்.

அழைக்கும் மைக், அழுத்தினால் மட்டும் பேசும் வகையாக இருக்கட்டும். அதற்கு நேர் மேலே ஸ்பீக்கர் இருந்தால் ஊளையிடும். டிவி, கம்ப்யூட்டரை இணைத்ததும் உம்மென்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை ஒடித்துவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து. சிக்னல் வழியில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் இரைச்சல் அடங்கும்; எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள்.

வைஃபை ஸ்பீக்கரில் மணி ஒலிக்கச் சில விநாடி தாமதம் ஆகலாம். சில வகைகளில் நின்ற பாட்டு தானாகத் திரும்ப ஓடாது. ரவுட்டர் அணைந்தால் மணியே இல்லை. ஆகவே பெல்லுக்கு வயரை நம்புவதே நல்லது. பெல், ரிலே, எம்பி3 போர்டு, ஆம்ப்ளிஃபையர் எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். அந்த இன்வெர்ட்டரும் சைன் வேவ் வகையாக இருந்தால்தான் கரண்ட் போன நேரத்தில் ஸ்பீக்கர் இரையாது.

– ஒலியமைப்புப் பணியாளர்கள்,
காட்பாடி, வேலூர்.