பகல் தரவும் சாயங்கால ஓட்டையும்

திருவனந்தபுரம்

அன்புள்ள நண்பா,

இங்கே இடவப்பாதி மழை இன்னும் விட்டபாடில்லை. உங்கள் சித்தூர்ப் பக்கம் எப்படி?

மேல்வளிமண்டலக் காற்றை அளக்கும் காதங்கி எம்.எஸ்.டி. ரேடாரின் தரவில் 24 மணி ஓதத்தை, அதாவது வெயிலின் சூட்டால் வளிமண்டலத்தில் தினமும் எழும் காற்றலையை, தேடினால் நம்ப முடியாத வீச்சு வருகிறது என்கிறாய். வரத்தான் செய்யும். 53 மெகாஹெர்ட்ஸில் 65 முதல் 85 கி.மீ. வரையிலான எதிரொலி, வெயில் எலக்ட்ரான்களைப் பெருக்கும் பகலில்தான் கிடைக்கிறது. பத்து மணி நேரத் துண்டில் சராசரிக் காற்று எது, 24 மணி அலை எது என்று பிரிக்க வழியில்லை. லீஸ்ட் ஸ்கொயர் பொருத்தம் (தரவோடு மிக நெருங்கும் அலையைத் தேடும் கணக்கு) ஏதாவது ஒரு விடையைக் கொடுத்துவிடும், அவ்வளவுதான். அந்தத் தரவை வளிமண்டல ஈர்ப்பு அலைகளுக்கு (காற்றில் எழும் குறுகிய கால அலைகள்; ஐன்ஸ்டைன் சொன்னவை அல்ல) வைத்துக்கொள். அதற்கு அது தங்கம்.

ஓதத்துக்கு, எரிகற்கள் விட்டுச்செல்லும் தடத்தின் எதிரொலியால் காற்றை அளக்கும் எரிகல் ரேடார்தான். இங்கே தும்பாவிலும் திருப்பதிப் பல்கலைக்கழகத்திலும் இருப்பவை 35.25 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 8.5 மீட்டர். ஏற்பு ஆன்டெனாக்கள் ஐந்து; நடுவிலிருந்து 2, 2.5 அலைநீளத் தொலைவில், அதாவது 17, 21.3 மீட்டரில் சிலுவையாக நிற்கும். மழைக்காலத்தில் கேபிள் கனெக்டர்களை முதலில் பார்க்கச் சொல். ஒன்றில் ஈரம் இறங்கினாலும் ஆன்டெனாக்களுக்கு இடையிலான அலையின் கட்ட வேறுபாடு (phase) பிசகி, எதிரொலி வந்த திசையே தப்பாகிவிடும். எரிகல் எண்ணிக்கையை உயரவாரியாக வரை: 90 கி.மீ. பக்கம் கூரான உச்சி இருந்தால் சரி, பரந்து கிடந்தால் காற்றைக் கணக்கிடாதே.

பூமியின் வளைவையும் விட்டுவிடாதே. தூரம் 150 கி.மீ., உச்சிக்கோணம் (தலைக்கு நேர்மேலிலிருந்து சாய்வு) 50 பாகை என்றால் தட்டைக் கணக்கு 96.4 தரும், உண்மை உயரம் 97.4. நாளோதத்தின், அதாவது 24 மணி ஓதத்தின், செங்குத்து அலைநீளம் ஏறக்குறைய 25 கி.மீ. என்பதால் அந்த ஒரு கிலோமீட்டர் ஓதம் உச்சம் தொடும் நேரத்தில் சுமார் ஒரு மணி நேரக் கட்டப் பிழை.

பெரிய தொல்லை சாயங்காலம். எரிகற்கள் காலை ஆறு மணியை ஒட்டி மிகுதி, மாலை ஆறை ஒட்டிச் சொற்பம். உயரத்தை 3 கி.மீ., நேரத்தை ஒரு மணி என்று பெட்டி பிரித்தால் 80 கி.மீ.க்கும் 100 கி.மீ.க்கும் அருகே மாலைப் பெட்டிகள் தினமும் அதே நேரத்தில் காலியாகும். அப்போது 12 மணி ஓதம் 24 மணி ஓதத்தின் கணக்குக்குள் கசியும். நான்கு நாள் தரவை ஒரு ஜன்னலாக எடுத்து, அதை ஒவ்வொரு நாளாக நகர்த்து. அதற்குள்ளும் ஒரு மணிக்கூறு முழுக்கக் காலி என்றால் அந்த உயரத்தை விட்டுவிடு. இடைச்செருகி நிரப்புவது என் பார்வையில் ஏமாற்று வேலை. ஜனவரி, பிப்ரவரியில் 48 மணி அலையையும் பொருத்தத்தில் சேர். சந்திர ஓதம் 12.42 மணி, சூரியனின் 12-இலிருந்து அதைப் பிரிக்க ஏறத்தாழ 15 நாள் தரவு வேண்டும்.

திருப்பதிக் கணக்கு முடிந்ததும் அனுப்பு, தும்பாவின் அதே மாதத்தோடு வைத்துப் பார்ப்போம். நாளோதத்தின் தென்வடல் காற்று வீச்சு 20 பாகை அட்சரேகையை ஒட்டித்தான் உச்சம். ஆகவே 13.6 பாகையிலுள்ள உன் எண், 8.5 பாகையிலுள்ள எங்கள் எண்ணைவிடக் கூடுதலாக வர வேண்டும். குறைந்தால், மறுபடி கனெக்டரிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் பழைய தோழன்