கிலோமீட்டரோடு நடை சாத்தும் நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை ஒத்தக்கடையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். 26 வருடமாகிறது. அம்பாசடரில் தொடங்கி, இப்போது ஏழு பேர் உட்காரும் வண்டி. இதற்கு முன் உங்களுக்கு ஒரே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், ரிங் ரோட்டில் ஒரு பள்ளத்தைப் பற்றி. நீங்கள் போடவில்லை. பள்ளத்தை மூடிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

சில வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில் மதுரையிலிருந்து காரைக்குடிக்கு ஒரே நாளில் போய்வருவது பற்றி எழுதியிருந்தீர்கள். நரசிங்கம், கீழவளவு, வேட்டங்குடி, திருக்கோஷ்டியூர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று ஒன்பது இடம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்காகப் போட்டிருந்தீர்கள். இடங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஒன்பதும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்துகிறது என்று ஒரு வரி இல்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிற பார்ட்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான் என்பதால் இதை எழுத வேண்டியதாகிவிட்டது.

காரைக்குடி ஒன்றும் தூரமில்லை. மதுரையில் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து 80லிருந்து 90 கிலோமீட்டர். போனில் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். பொய்யில்லை. ஆனால் போனுக்குப் பசிக்காது, பாத்ரூம் வராது, மேலூரில் டீ குடிக்க வேண்டியதில்லை. பிள்ளையாருக்கு மதியம் ஓய்வு உண்டு என்பதும் அதற்குத் தெரியாது. பிள்ளையார்பட்டியில் மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். குன்றக்குடி, திருக்கோஷ்டியூர் எல்லாவற்றிலும் மதியம் அடைப்புதான், நேரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். இந்த ஒரு விஷயத்தை நடுவில் நட்டுவைத்துவிட்டு மற்றதை அதைச் சுற்றிப் போட்டால் பயணம் நன்றாக அமையும். மற்றதையெல்லாம் முதலில் போட்டுவிட்டு இதைக் கடைசியில் செருகினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன்.

போன மாசியில் ஒரு குடும்பம். ஆறு பேர். பேரனுக்கு வேலை கிடைத்ததற்காகப் பிள்ளையார்பட்டியில் அர்ச்சனை செய்வதாக அப்பத்தா வேண்டியிருந்தார். பயணத் திட்டம் பேரனுடையது, போனில் ஏற்றி வைத்திருந்தார். ஏழரைக்குக் கிளம்ப வேண்டும். நான் ஏழு இருபதுக்கு வாசலில் நின்றேன். கிளம்பும்போது எட்டு நாற்பது. எட்டு நாற்பதுக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குமேல் மாட்டுத்தாவணியைத் தாண்டுவீர்கள், அப்போது ஐகோர்ட் கிளைக்குப் போகிற வண்டிகள் எல்லாம் அதே மேலூர் ரோட்டில் உங்களோடு வரும். 2004இல் கிளை திறந்ததிலிருந்து வேலை நாளில் அந்த நேரம் எனக்குக் கசப்பு. அப்புறம் நரசிங்கத்தில் ஒரு மணி நேரம். கீழவளவில் பேரன் கேமராவோடு பஞ்சபாண்டவர் மலைக்கு ஏறிவிட்டார்.

கீழவளவு மலையைக் குறை சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். மேலே தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு வரி. தொண்டிக்காரர் ஒருவர் செய்து கொடுத்த படுக்கை என்று அதற்கு அர்த்தம் சொல்கிறார்கள். தொண்டி கடற்கரையில் இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்து போய்க்கொண்டிருந்த ஆள். அதில் வேடிக்கை என்னவென்றால் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அதை நேராக்கிப் படிக்கத்தான் பேரன் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றார். முக்கால் மணி நேரம். சுற்றி இருந்த குன்றுகளில் பலவற்றைக் கிரானைட்டுக்காக அறுத்து எடுத்துவிட்டார்கள், இது தப்பித்தது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் நடை சாத்தாத இடம். மதியத்துக்கு மேல் திரும்பி வரும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

அடுத்து, பட்டியலில் இருக்கிறதே என்று திருப்பத்தூரிலிருந்து திருக்கோஷ்டியூருக்குத் திருப்பச் சொன்னார்கள். சும்மா இருபது நிமிடம்தான் அண்ணே என்றார் பேரன். மந்திர உபதேசம் வாங்க ராமானுஜரே பதினெட்டு முறை நடந்த ஊர் அது, நமக்கு இருபது நிமிடமா என்று மனசுக்குள் நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை. நேரமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். பார்ட்டியிடம் அதிகம் பேசக்கூடாது என்று ஒரு பழக்கம். அன்று அது தப்பு.

பிள்ளையார்பட்டியில் வண்டியை நிறுத்தும்போது மணி ஒன்று ஐந்து.

கதவு சாத்தியிருந்தது. அப்பத்தா மடியில் மஞ்சள் பை. அதற்குள் தேங்காய், பழம், அருகம்புல். அருகம்புல் வாடாமல் இருக்க ஈரத்துணியில் சுற்றி, வழியெல்லாம் ஏசி காற்றுப் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தார். மகன் பேரனைத் திட்ட, பேரன் போனைக் காட்ட, மருமகள் என்னைப் பார்த்தார். அப்பத்தாதான் பேச்சை முடித்தார். "விடுங்கடா. அவரும் சாப்புட்டுட்டுப் படுத்திருப்பாரு. நாமளும் படுப்போம்." குளத்துப் பக்கம் நிழல் பார்த்துத் துண்டை விரித்து, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியும் விட்டார். நாலு மணிக்குத் திறந்து, கூட்டம் நகர்ந்து, அர்ச்சனை முடிந்து வெளியே வர ஐந்தேகால். காரைக்குடியை அன்று அவர்கள் பார்க்கவே இல்லை. அங்கிருந்து இன்னும் 12 கிலோமீட்டர்தான்.

வாடகை பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பேசியது. வெயிட்டிங் கணக்கில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த அருகம்புல் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு கேட்காவிட்டாலும் நானே சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் சிட்டம்பட்டி சுங்கச்சாவடி தாண்டிவிடலாம். ஃபாஸ்டேக்கில் போகும்போது முழுக் கட்டணம், 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் திரும்பும்போது பாதிதான் எடுப்பார்கள், நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மேலூரில் டீ. ஏழேகாலுக்குப் பிள்ளையார்பட்டி. அந்த நேரத்தில் கற்பக விநாயகரை நின்று பார்க்கலாம். மலையைக் குடைந்து அதே பாறையில் செதுக்கிய உருவம், ஆறடி உயரம் இருக்கும், இரண்டே கைதான், தும்பிக்கை வலப்பக்கம் சுழித்திருக்கும். பதினோரு மணிக் கூட்டத்தில் தும்பிக்கை எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குள் நகரச் சொல்லிவிடுவார்கள். எட்டரைக்குக் குன்றக்குடி, வெயில் ஏறும் முன் படி ஏறி இறங்கிவிடலாம். முட்டுவலி உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்ளட்டும். மயில்தான் மலையாக நிற்கிறது என்று தலபுராணம், ஆக அடிவாரமும் மயில்தான். பத்து மணிக்குக் காரைக்குடியில் டிபன்.

அப்புறம் நடை சாத்தினால் என்ன, சாத்தாவிட்டால் என்ன? மிச்சமிருப்பதெல்லாம் வீடும் கடையும் பட்டறையும். ஆயிரம் ஜன்னல் வீட்டைத் தெருவில் நின்று பார்க்கத்தான் முடியும், உள்ளே விடுவதில்லை. அதற்கு அரை மணி நேரம் ஒதுக்காதீர்கள், பத்து நிமிடம் போதும். அந்த நேரத்தையும் சேர்த்து ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிற பட்டறைக்குக் கொடுங்கள். நான் எத்தனையோ முறை பார்ட்டியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் தூங்கியிருக்கிறேன், ஒருநாள்தான் கூடப் போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் பூ வடிவத்தில் தகடு வளைத்த அச்சு. பட்டறைக்காரர் கரண்டியால் சாயக் கலவையை மோந்து ஒவ்வொரு இதழிலும் ஊற்றுகிறார், சிந்தாமல். அச்சைத் தூக்கியபோது நிறம் ஒன்றோடொன்று கலக்கும் என்று நினைத்தேன், கலக்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையை அப்பி, மட்டப்படுத்தி எடுத்து வைத்துவிட்டார். அப்புறம் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமாம். காய்ந்தபின் கண்ணாடியைக் கழற்றினால் அந்தப் பளபளப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. வேலை நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள், அடுக்கி வைத்த கல்லை மட்டும் பார்ப்பதற்குக் கடைக்கே போய்விடலாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்கு வேண்டும். இதை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஐந்தரைக்கு உங்கள் வாசலில் நிற்கிறவன் நாலரைக்கு எழுந்திருப்பான். முந்தைய இரவு ஏர்போர்ட் சவாரி முடித்துப் பதினொன்றரைக்குப் படுத்திருப்பான். இரண்டு மணிக்குச் செட்டிநாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு உடனே ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கண் சொருகத்தான் செய்யும். சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும், அவர்கள் பேட்டா வாங்குகிற பழக்கமில்லாததால் களைப்பை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். சாமியே மூன்று மணி நேரம் ஓய்வெடுக்கிற ஊரில் ஓட்டுகிறவன் ஒரு மணி நேரம் சீட்டைச் சாய்த்தால் யாரும் கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று, காலையில் கிழக்கே போகிறோம், சாயங்காலம் மேற்கே திரும்புகிறோம். இரண்டு வேளையும் சூரியன் நேரே கண்ணில். முன் கண்ணாடியில் ஒட்டிய பூச்சியும் தூசியும் அப்போதுதான் தெரியும், எதிரே வருகிற டூவீலர் தெரியாது. காலையில் ஐந்தரைக்குக் கிளம்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு வழிச்சாலை என்பதற்காக ஆட்டுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதுபோல் போட்டிருந்தீர்கள். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தால் கார்த்திகையிலிருந்து மாசி வரைதான் பறவை. சித்திரையில் கூட்டிப்போனால் காய்ந்த கண்மாயையும் கருவேல மரத்தையும் காட்டிவிட்டுப் பார்ட்டியின் முகத்தை நான்தான் பார்க்க வேண்டும். கண்மாயை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கே வெடி போடாதவர்கள். அங்கே ஒருமுறை குறுக்கே நின்ற மாட்டுக்கு ஹாரன் அடித்து, ஒரு பெரியவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போனால் கூட்டுக்குத் திரும்பும் நாரைகளைப் பார்க்கலாம். அதற்காகத்தான் காரைக்குடியை நாலு மணிக்கே விடச் சொல்வேன். வெள்ளைப் பணியாரத்தைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். சூட்டோடு கார சட்னி தொட்டுத் தின்பதுபோல் வராதுதான்.

சில நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டு. தொழுவில் அவிழ்க்கும் மாடு ஒரு பக்கம் என்றால் பொட்டலில் அவிழ்த்துவிடும் கட்டுமாடு இன்னொரு பக்கம், பார்க்க வரும் வண்டிகள் ரோடு முழுக்க. மஞ்சுவிரட்டுக்கே போகிறீர்கள் என்றால் சரி. அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவு நாள், 1801இல் அவர்களை அங்கேதான் தூக்கிலிட்டார்கள். 27 காளையார்கோயிலில் அவர்களுக்குக் குருபூஜை, 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்த ஒரு வாரம் சோதனையும் மாற்றுப்பாதையும் இருக்கும், மஞ்சள் போர்டைப் பார்த்தாலே ஓரங்கட்டச் சொல்வார்கள். மரியாதை செலுத்தப் போகிறவர்கள் போகட்டும். பணியாரம் தின்னப் போகிறவர்கள் அடுத்த வாரம் போகலாம்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடும்போது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் சேர்த்து, நடை திறப்பது எப்போது, சாத்துவது எப்போது என்று போடுங்கள். ஒன்பது இடத்துக்குப் பதில் ஐந்து இடம் போட்டால் அந்தக் கட்டத்துக்கு இடம் கிடைத்துவிடும். பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வதற்கு எங்கள் ஸ்டாண்டில் நாலு பேர் இருக்கிறோம்.

பெயர் போட வேண்டாம். அப்பத்தா வீட்டில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள். இந்த ஆவணியில் அடுத்த பேரனுக்காக மறுபடி பிள்ளையார்பட்டி போக வேண்டும் என்று வண்டிக்குச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஐந்துக்கே வரச் சொன்னது அப்பத்தா.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர்,
ஒத்தக்கடை, மதுரை.