பெயர் வைக்காத புயல்களும் எங்கள் ஊருக்கு வந்தன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த புயல் பட்டியலைப் பார்த்தேன். வேதாரண்யத்துக்கு நேரே ‘கஜா, 2018’ என்று ஒரே வரி. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் காற்றே வீசவில்லை என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பது புரிகிறது. வங்கக்கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கமே 2004-ல்தான் வந்தது. பெயர் இருந்தால் கணினியில் தட்டிய உடனே வந்துவிடும். பெயரில்லாத புயல் எங்கே வரப்போகிறது? எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வருஷத்தை வைத்துத்தான் பேசுவார்கள். ‘அம்பத்திரண்டு புயலுக்கு மறுவருஷம் பிறந்தவன்’ என்றால் வயது தெரிந்துவிடும்.

1952 நவம்பர் 30-ல் நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்த புயலில் சுமார் 400 பேர் செத்தார்கள். மூன்றே வருஷத்தில், 1955 டிசம்பர் 1-ல், அதிராம்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ராஜாமடத்தருகே இன்னொன்று. அதில் சுமார் 500 பேர். ஒன்று எங்களுக்கு வடக்கே, மற்றது மேற்கே. நடுவில் இருக்கிற ஊர் எந்தப் பட்டியலிலும் வராது, ஆனால் இரண்டிலும் கூரை போகும். அப்புறம் 1977 நவம்பர் 12. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். தமிழ்நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, லட்சக்கணக்கானவர்கள் வீடிழந்தார்கள். ஆனால் ஒரே வாரத்தில், 19-ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமையைக் கடல் அடித்துக்கொண்டு போய் ஆயிரக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். செய்தியும் நிவாரணப் பேச்சும் அந்தப் பக்கம் போனது நியாயந்தான். எங்கள் கணக்கு மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது. 1964 என்றால் தனுஷ்கோடி ஒன்றுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருவதும் இந்தக் கதைதான்.

பழசை ஏன் கிளறுகிறேன் என்றால், அதில் உபயோகமான சங்கதி இருக்கிறது. எங்கள் அப்பாயி அம்பத்திரண்டைப் பார்த்தவர். மழைக்காலம் வந்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: “காத்து நின்னுடுச்சேன்னு கதவத் தொறக்காதீங்க, அது திரும்பி வரும்.” கஜா அன்று அதுதான் நடந்தது. நவம்பர் 16, நள்ளிரவுக்கு மேல். முதலில் வடக்கேயிருந்து அடித்தது. பிறகு சட்டென்று ஓய்ந்தது. மாட்டைப் பார்க்கிறேன், விழுந்த ஓடுகளை எடுக்கிறேன் என்று தெருவில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். புயலின் கண் தலைக்கு மேல் இருக்கிறது என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? கொஞ்ச நேரத்தில் தெற்கேயிருந்து எதிர்க்காற்று கிளம்பியது. வடக்குக் காற்றில் சாய்ந்து நின்ற தென்னைகளை எதிர்ப்பக்கம் இழுத்து முறித்தது அந்த இரண்டாவது காற்றுதான். செய்தியில் வேகம் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். நடுவில் ஓயும், ஏமாந்துவிடாதீர்கள் என்று தண்டோரா போட்டாவது சொல்ல வேண்டாமா?

கடல் வருவதும் அப்படித்தான். தெற்கு வடக்காக வருகிற கரை கோடியக்கரையில் மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. அந்தத் தெற்குக் கடல் ஆழமே இல்லாதது. தாம்பாளத்துத் தண்ணீரை ஒருபக்கம் சாய்த்தமாதிரி, தென்காற்று தள்ளினால் நேரே உப்பளத்துக்குள் ஏறிவிடும். கஜாவில் தண்ணீரோடு சேறும் வந்தது. நான் உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். மழைக்காலத்துக்கு முன் உப்பை அம்பாரமாகக் குவித்து, ஓலையும் கீற்றும் போட்டு மூடிவிடுவோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பல அம்பாரங்களின் இடத்தில் ஈரத் தடம்தான் கிடந்தது. பாத்திகளில் சாம்பல் நிறத்தில் களிச்சேறு. காலை வைத்தால் கெண்டைக்கால் வரை உள்ளே போனது, இழுத்தால் செருப்பு வரவில்லை. அந்தச் சேற்றின்மேல் உப்பு எடுக்க முடியாது, எடுத்தாலும் கறுத்துப் போகும். வழித்தெடுத்து, காயவிட்டு, பாத்தியைப் புதிதாக மிதித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் தண்ணீர் பாய்ச்சவே முடியும். அதுவரை அளத்துக் கூலியாட்களுக்கு வேலை கிடையாது. தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது, அதிலும் 500 ரூபாய் விழுந்த மரத்தை வெட்டி அகற்றுவதற்கு. கூலியாள் இழந்த நாட்களை எந்த மரத்தில் எண்ணுவது?

கரண்டு கதை எல்லோருக்கும் தெரியும். டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்தன, உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

2004 சுனாமியையும் சொல்ல வேண்டும். நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆனால் நாகையோடும் வேளாங்கண்ணியோடும் ஒப்பிட்டால் எங்கள் தாலுகாவில் சாவு குறைவு. கரையோர மணல்மேடுகள் பல இடங்களில் அலையைத் தாங்கியது அதற்கு ஒரு காரணம். அந்த மேட்டு மணலைத்தான் இப்போது பள்ளமான மனைகளை நிரப்ப ராவோடு ராவாக அள்ளுகிறார்கள். கேட்டால் ‘கொஞ்சம்தானே’ என்பார்கள்.

நான் கேட்பது பெரிய திட்டமெல்லாம் இல்லை. கஜாவில் தண்ணீர் எந்தத் தெருவில் எந்த உயரம் வரை நின்றது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எழுபத்தேழைச் சொல்லவும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடை, பேருந்து நிலையம் என்று ஆள் கூடுகிற இடங்களில் அந்த உயரத்துக்கு ஒரு கோடு, பக்கத்தில் வருஷம். ஒரு டப்பா பெயின்ட் செலவு. மனை வாங்க வருகிறவன் தரகரிடம் கேட்பதற்குமுன் சுவரைப் பார்த்துக்கொள்வான். நகராட்சியிடம் மனு கொடுத்தேன், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. சரி, பரிசீலிக்கட்டும்.

தங்கள் பங்குக்கு அந்தப் பட்டியலைத் திருத்தி, 1952, 1955, 1977 ஆகியவற்றையும் சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். முடிந்தால் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். தோப்புத்துறை, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் என்று யார் யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் கூட்டிப்போகிறேன். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது. எழுபத்தேழைச் சொல்லக்கூடியவர்களில் இரண்டு பேர் போன வருஷமே போய்விட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப்பளக் கணக்குப்பிள்ளை,
தேத்தாக்குடி, வேதாரண்யம் வட்டம்.