பெட்டியை அகற்றினால் கொட்டு நின்றுவிடாது: எங்கள் பேரூராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீட்டு வளாகங்களில் தேனீப் பெட்டி வைக்கக் கூடாது என்று வரும் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். என் வீட்டுப் பின்புறம் ஆறு பெட்டி நிற்கிறது. போன ஆடியில் அதில் ஒன்றிலிருந்து கிளம்பிய ஈக்கள்தான் பக்கத்து வீட்டு ஆச்சியையும் புல் வெட்ட வந்த தம்பியையும் கொட்டின. ஆகவே இந்தத் தீர்மானம் வர நானும் ஒரு காரணம். அதை மறைத்துவிட்டு உங்களிடம் பேச எனக்கு வாய் வராது. நடந்ததை முதலில் சொல்கிறேன்.

மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு வெயில் அடித்த ஒரு காலை. நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடி, ஆவணி தேனீக்குப் பஞ்ச காலம் என்பது பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் தளிர்க்கும் தை, மாசியில் இலைக்காம்பில் ஊறும் தேனைக் குடம் குடமாகச் சேர்க்கிற அதே ஈ, இந்த மழை மாதங்களில் பட்டினி கிடக்கும். சீனிப்பாகு வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அதை அந்தி சாய்ந்த பிறகு, ஒரு துளி வெளியே சிந்தாமல் வைக்க வேண்டும் என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். அன்று ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலை பதினொரு மணிக்கே பாகு வைத்தேன். அவசரத்தில் மூன்றாம் பெட்டியின் கால்மேல் கொஞ்சம் கொட்டிவிட்டது. துடைத்தேன், சரியாகத் துடைக்கவில்லை.

பாகின் வாசம் பிடித்து மற்றப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்தன. மூன்றாம் பெட்டியின் வாசலில் ஈயும் ஈயும் கட்டிப்புரண்டு மண்ணில் விழுந்துகொண்டிருந்தன. கொள்ளைக்கு ஆளான கூடு யாரையும் நம்பாது. அந்த நேரம் பார்த்து, மதிலுக்கு அந்தப் பக்கம் புல்வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார்கள். இரைச்சலைவிட அதன் அதிர்வுதான் தேனீக்கு ஆகாது. மதிலோடு ஒட்டி நின்ற பெட்டி அது.

நான் உடுத்து வெளியே வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. அந்தத் தம்பியின் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் 17 கொடுக்கு எடுத்தேன். ஆச்சிக்கு நான்கு. கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதால் பிழைத்தது. தம்பியின் தோளில் கடைசியாக ஒரு கொடுக்கு நின்றது. ஈ போய்விட்டது, அதன் குடலோடு பிய்ந்துவந்த நஞ்சுப்பை மட்டும் தோலின்மேல் துடித்துத் துடித்து உள்ளே நஞ்சை இறக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்தபோது பழுத்த வாழைப்பழ வாசம் வந்தது. கொட்டிய ஈ விட்டுப்போகிற அபாய வாசம் அது. இங்கே எதிரி நிற்கிறான், இங்கேயே கொட்டுங்கள் என்று மற்ற ஈக்களை அழைக்கும். ஒன்று கொட்டிய இடத்தில் பத்து கொட்டுவது அதனால்தான்.

இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், இரவு வரை பக்கத்தில் இருந்து, வீட்டில் கொண்டுவிட்டேன். ஆச்சி என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் இன்றும் எனக்கு வலிக்கிறது.

அன்று இரவே மூன்றாம் பெட்டியின் வாசலை வலையால் அடைத்து, நான்கு கிலோமீட்டர் தள்ளி மாமாவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். இருட்டிய பிறகுதான் எல்லா ஈயும் வீடு திரும்பியிருக்கும். பக்கத்திலேயே நகர்த்தி வைத்தால் மறுநாள் காலை பறந்துவந்து பழைய இடத்திலேயே மொய்க்கும். இரண்டையும் சொல்கிறேன், ஏனென்றால் பகலில் பெட்டியைத் தூக்கி எறியச் சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்.

உங்கள் தீர்மானத்துக்கும் நான் எழுதுவதற்கும் நேரடித் தொடர்பு உள்ள பகுதி இனிமேல்தான் வருகிறது. தோட்டத்துக்குப் போய், கொள்ளை ஓய்ந்து, பசி தீர்ந்த பிறகும் அந்தக் கூடு அடங்கவில்லை. மற்ற ஐந்து பெட்டியும் கொஞ்சம் புகை காட்டினாலே வழிவிடும். காய்ந்த கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, அதன் புகை அபாய வாசத்தை மறைக்கும். புகை வந்தவுடன் ஈக்கள் தேனைக் குடித்து வயிற்றை நிரப்பப் பார்க்கும், கொட்டுவதில் அவ்வளவு நாட்டம் இருக்காது. மூன்றாம் பெட்டியோ மூடியைத் தொட்டவுடனே 'உஸ்' என்று சீறும். முகவலையில் மழைத்துளி விழுகிற மாதிரி முட்டும். பெட்டியை மூடிவிட்டு இருபது அடி நடந்த பிறகும் எத்தனை ஈ பின்னாலேயே வருகிறது என்று நான் நோட்டில் எழுதிவைப்பது வழக்கம். ஒரு கூட்டின் குணத்தைச் சொல்ல அதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியாது. மற்றப் பெட்டிகளுக்கு பூச்சியம், ஒன்று, இரண்டு. இதற்கு எண்ணவே முடியவில்லை.

பசியோ, கொள்ளையோ, குளவித் தொல்லையோ, பூச்சிமருந்தோ, ராணி இல்லாமல் போனதோ காரணம் என்றால் அதைச் சரிசெய்தவுடன் கூடு தணியும். சரிசெய்தும் தணியவில்லை என்றால் அது பெரும்பாலும் பிறவிக் குணம். ஒரு கூட்டில் உள்ள ஈக்கள் எல்லாம் ஒரே ராணியின் பிள்ளைகள். ராணியை மாற்றினால் கூடு மாறும்.

மழை மாதத்தில் அதைச் செய்ய முடியாது. ஆண் ஈக்கள் அப்போது குறைவு, புது ராணி இணைசேரப் போதிய துணை கிடைக்காது. ஐப்பசி வரை காத்திருந்தேன். பிறகு அந்த ராணியைத் தேடிப் பிடித்துக் கொன்றேன். எழுதும்போது கை தயங்குகிறது, ஆனாலும் மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மறுநாள் என்னிடமுள்ள மிகச் சாதுவான பெட்டியிலிருந்து ஒரு ராணி முட்டை அறையைக் கத்தியால் அறுத்தெடுத்து, அடையின் நடுவில் பொருத்தினேன். ஒரு வாரம் கழித்து, அவை தாமாகக் கட்டிய ராணி அறைகளை ஒன்றுவிடாமல் தேடிக் கிள்ளினேன். புது ராணி பொரிந்து, பறந்து கூடி, முட்டையிட்டு, அந்த முட்டை ஈயாக வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பழைய ஈக்கள் வயதாகிச் சாக அதற்கும் மேலே. இந்தத் தையில் அந்தப் பெட்டியை முகவலை இல்லாமல் திறந்தேன். பின்னால் வந்த ஈ ஒன்று. நோட்டு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதை நான் ஒருத்தி செய்தால் மட்டும் போதாது. ராணி கூடுவது பெட்டிக்குள் அல்ல, வானத்தில். அதுவும் ஒன்றிரண்டு அல்ல, பல ஆண் ஈக்களோடு. அந்த ஆண் ஈக்கள் என் பெட்டியிலிருந்தும் வரும், நான்கு தெரு தள்ளி இருக்கிறவர் பெட்டியிலிருந்தும் வரும், கோயில் மதில் பொந்திலிருந்தும் வரும். அடுத்தவர் வளவில் சீறுகிற ஒரு கூட்டைச் சும்மா விட்டுவைத்தால் அதன் குணம் அடுத்த ஆண்டு என் பெட்டியில் பிறக்கும். நம் ஊர்த் தேனீயின் குணம் ஊருக்குப் பொதுவான சொத்து. அதனால்தான் இதைப் பேரூராட்சியிடம் கொண்டுவருகிறேன்.

பெட்டிக்குத் தடை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வைத்திருப்பவர்கள் விட்டுவிட மாட்டார்கள், ஒளித்து வைப்பார்கள். ஒளித்து வைத்த பெட்டி சீறினால் யாரிடமும் சொல்ல மாட்டார்கள், உதவி கேட்க மாட்டார்கள். விட்டுவிடுகிறவர்களின் கூடு பிரிந்து போய் யார் வீட்டு ஓட்டுக்கடியிலோ, மீட்டர் பெட்டியிலோ குடியேறும். பெட்டியில் இருக்கும் ஈயை நான் திறந்து பார்க்கலாம், ராணியை மாற்றலாம். சுவருக்குள் போன கூட்டை என்ன செய்வது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்ற மாதம் தண்ணீர்த் தொட்டியில் நடந்ததும் என் வீட்டில் நடந்ததும் ஒன்றல்ல. தொட்டியின் அடியில் தொங்கியது மலைத்தேனீ. பெட்டி ஈயைவிட மிகப் பெரியது, திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய அடை. அதை யாரும் பெட்டியில் வளர்க்க முடியாது, யாரும் அங்கே கொண்டுவந்து வைக்கவும் இல்லை. பருவத்துக்கு வந்து பருவம் முடிந்தால் தானே போகும். பருந்து அடித்தாலோ, பக்கத்தில் வேட்டுப் போட்டாலோ மொத்தமாக இறங்கும். உயிருக்கே ஆபத்தானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கூலிக்கு வந்த இருவர் இரவில் பந்தம் கொளுத்தி அதை எரித்தார்கள். எரிந்தது அடை. தப்பிய ஈக்கள் வீடில்லாமல் மறுநாள் முழுக்க அதே தொட்டியைச் சுற்றின, பால் வாங்கப் போன பிள்ளைகளைக் கொட்டின. அந்தக் கோபத்தில்தான் 'தேனீப் பெட்டி எல்லாவற்றையும் எடு' என்ற பேச்சு எழுந்தது. தொட்டிக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

1991, 92-இல் சாக்குப்புழு நோய் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டி ஈயை வாரிக்கொண்டு போனது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்பாவிடம் 40 கூடு இருந்தது. புழுக்கள் தண்ணீர் நிறைந்த பைபோல் ஊதி, தலை தூக்கியபடி அறையிலேயே செத்துக் கிடந்தன. இரண்டு கூடு மிஞ்சியது. வெறும் பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு அப்பா ஒரு மாசம் பின்புறம் பக்கமே போகவில்லை. 1920-களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ மூலம் வீடு வீடாகப் பெட்டி பரவிய மாவட்டம் இது. அன்று பிழைத்த அந்த இரண்டின் வழி வந்ததுதான் என் ஆறு பெட்டியும். ஒரு தீர்மானத்தால் அது போய்விடக் கூடாது.

நான் கேட்பது இதுதான். தடைக்குப் பதிலாகப் பதிவு வையுங்கள். எந்த வீட்டில் எத்தனை பெட்டி, யாருடைய கைப்பேசி எண் என்று அலுவலகத்தில் ஒரு ஏடு இருக்கட்டும். அதே எண் பெட்டிமேலும் எழுதியிருக்கட்டும். பெட்டியின் வாசல் வழிப்பாதையையோ அடுத்த வீட்டு முற்றத்தையோ பார்க்கக் கூடாது. மதிலோடு ஒட்டி வைக்கக் கூடாது. எதிரே ஆறடி உயரத்துக்குப் பச்சை வலையோ செம்பருத்தி வேலியோ இருந்தால் ஈ தலைக்குமேல் எழும்பிப் பறந்துவிடும். பக்கத்து வீட்டில் புல் வெட்டினால் முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரவே வாசலை அடைத்துவிடலாம். கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளையும் அப்படியே எங்களுக்குச் சொல்லுங்கள். சரிசெய்தும் அடங்காத கூட்டை ஒரு வாரத்துக்குள் வீட்டு வளாகத்திலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும், ராணியை மாற்றிய பிறகே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று விதி போடுங்கள். முதல் ஆளாக நான் கையெழுத்திடுகிறேன். கொண்டுபோய் வைக்க மாமாவின் தோட்டம் இருக்கிறது, ராணி அறை என்னிடம் இலவசமாகக் கிடைக்கும்.

கொட்டு வாங்கினால் என்ன செய்வது என்று வார்டுதோறும் ஒரு பலகை வையுங்கள். கையை வீசக் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி ஒரு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். குளத்திலோ கிணற்றிலோ குதிக்கக் கூடாது, நீர்மேல் காத்து நிற்கும். கொடுக்கை நகத்தால் சுரண்டியோ கிள்ளியோ உடனே எடுக்க வேண்டும், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். சுண்ணாம்பு தேடி ஓட வேண்டாம். மூச்சுத் திணறினால், நாக்கோ உதடோ வீங்கினால், உடம்பெல்லாம் தடித்தால், தலை சுற்றினால் ஒரே ஒரு கொட்டு என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே அட்ரினலின் ஊசி போடுவார்கள். நிறைய கொட்டு வாங்கியவரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மாசி முடியும்வரை தேன் எடுப்பு நடக்கும். எந்த நாள் மாலை நான்கு மணிக்கு வந்தாலும் மூன்றாம் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். ஆச்சியும் வந்து பார்த்தார்கள், மதிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து. முகவலைகள் நான்கு வைத்திருக்கிறேன். வருவதற்கு முந்தின நாள் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வார்டில் தேனீ வளர்க்கும் ஒருத்தி