தாத்தாவின் பட்டறையும் பேரனின் படிப்பும்

சுவாமிமலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மேட்டூர் திறந்து கல்லணைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கு முன்பே ஆற்றில் இறங்கி வருஷத்துக்கு வேண்டிய வண்டல் மண்ணை அள்ளிப் போட்டவர்கள் தப்பித்தார்கள். உங்க அப்பாவின் உலோகச் சிலை வார்க்கும் பட்டறையில் கொட்டகை நிறைய மண் கிடக்கிறது. செம்பு விலை மட்டும் யாருக்கும் அடங்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் மகன் பிளஸ் டூ முடித்த கையோடு தாத்தா தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். அவன் அம்மா இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை விடக்கூடாது என்கிறாள். பரம்பரைத் தொழில் ரத்தத்தில் இருக்குமா என்று நீ என்னைக் கேட்கிறாய். ரத்தத்தில் ஒரு மண்ணும் கிடையாது. சின்ன வயதில் கையில் என்ன வேலை கொடுத்தார்கள், எந்த வரிசையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை கொடுக்கிறார்கள் தெரியுமா? முடிந்த சிலையைத் துடைப்பது, போட்டோ எடுப்பது, வெளிநாட்டுக்காரர் வந்தால் இங்கிலீஷில் விளக்குவது. இதில் பெருமை வரும், தொழில் வராது. அந்தப் பெருமையை நம்பி எதிர்காலத்தை முடிவு செய்தால் ரெண்டு வருஷத்தில் கசந்துவிடும். அதனால் முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சிலையை, ஓர் அடி உயரம் போதும், அளவு ஓலை வெட்டுவதிலிருந்து, வார்த்த சிலையைச் செதுக்கி முடிக்கும் நகாசு வரை அவனே செய்யட்டும். தாத்தா பக்கத்தில் உட்காரட்டும், கை வைக்கக் கூடாது.

நீ பட்டறையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மறந்திருப்பாய் என்றுதான் விவரமாக எழுதுகிறேன். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடு காட்டி மெழுகை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதுதானே நம் முறை.

முதலில் ஒடியோலை, அதாவது சிலையின் அளவுகளைக் குறிக்கும் ஓலை. சிவன், விஷ்ணு என்றால் உத்தம தசதாலம் என்ற அளவு முறை: கிரீடமும் பீடமும் நீக்கி, உயரத்தை 124 பங்காக்க வேண்டும். அம்பாளுக்கு மத்திம தசதாலம், 120. சிலை 31 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள், ஒரு பங்கு இரண்டரை மில்லிமீட்டர். உச்சி 4 பங்கு, முகம் 13, கழுத்து நாலரை, கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து நாபி, அதற்குக் கீழே என்று மூன்று தடவை பதின்மூன்றரை, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. தென்னை ஓலையை அந்த உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துக் குறி வைப்பார்கள். பேரன் கால்குலேட்டரில் போட்டுவிடுவான், தப்பில்லை. ஆனால் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு மெழுகின் மேல் ஒட்டிப் பார்க்கும் பழக்கம் வரணும். கண்ணுக்கு அழகாகத் தெரிகிறதே என்று தொடையை ரெண்டு பங்கு நீட்டிவிடுவது புதுக் கைகள் எல்லாம் செய்யும் தப்பு. தன் ரசனையை ஓர் அளவுக்குக் கீழே வைக்க ஒத்துக்கொள்கிறானா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மெழுகு: தேன்மெழுகு 4 பங்கு, குங்கிலியம் என்ற மரப்பிசின் 4, கடலை எண்ணெய் 1. உருக்கித் துணியில் வடிகட்டித் தண்ணீரில் விடணும். வெயில் காலத்தில் குங்கிலியம் சற்றுத் தூக்கலாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விரல்கள் தொங்கிப்போகும். தூசி தங்கினால் அது எரிந்து சாம்பலாகி சிலையில் பொத்தலாக நிற்கும். தலை, உடம்பு, கைகள் என்று தனித்தனியாகச் செய்து, சூடு காட்டிய இரும்பால் ஒட்டி முடித்ததும் தராசில் வைத்து எடையை எழுதி வைக்கச் சொல். உள்ளே கெட்டியாக இருக்கும் கன வார்ப்பில் மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் சுமார் ஒன்பது கிலோ. ஒன்றே கால் கிலோ மெழுகுக்குப் பதினொன்றேகால். உலோகம் இறங்கும் வழிக்கும் சேதாரத்துக்கும் சேர்த்துப் பதின்மூன்றரை வைத்துக்கொள்ளணும். ஊற்றும்போது அரைக் கிலோ குறைந்தால் அத்தனை நாள் பாடும் வீண்.

பையனுடைய குணம் தெரிகிற இடம் மண்தான். முதல் பூச்சு, வண்டலை உமிக்கரியோடு மை மாதிரி அரைத்து, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு. நகக்கீறல், பூணூல் இழை வரைக்கும் இந்தப் பூச்சுதான் பிடிக்கும். ரெண்டாவது, வயல் களிமண்ணோடு மணல். மூன்றாவது, கரடான மணல் கலந்து, கம்பி கட்டி. எல்லாம் நிழலில்தான் காயணும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு இளகிவிடும். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பிறகு மண் வெடித்து, வெடிப்பில் உலோகம் புகுந்து சிலை முழுக்கச் செதில் செதிலாக நிற்கும். ஈரம் மிச்சமிருக்கையில் கொதிக்கும் உலோகம் இறங்கினால் நீராவி மண் அச்சான கருவையே உடைத்து எதிரில் நிற்பவன் மேல் தெறிக்கும். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் சொல்ல முடியாது. ரெண்டு நாள் தொடர்ந்து எடை போடணும், மாறாமல் இருந்தால் காய்ந்தது. இந்தச் சும்மா இருக்கும் நாட்கள் இருக்கிறதே, போனைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு அதுதான் பெரிய பரீட்சை. அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் தாத்தா திட்ட வேண்டாம், சேதாரத்தைக் காட்டினால் போதும்.

வரட்டித் தீயில் மெழுகை இறக்கியபின் வெளியே வந்ததையும் எடை போடணும். கொஞ்சம் எரிந்து போகும்தான். ரொம்பக் குறைந்தால் எங்கேயோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். உலோகம் உருக்கும் மூசையில் முதலில் செம்பு, அது நன்றாக உருகிய பிறகு பித்தளை, கடைசியில் ஈயம். நம் பக்கத்துக் கணக்கு 82, 15, 3. செம்பு உருக 1085 டிகிரி வேணும், பித்தளையில் உள்ள துத்தநாகமோ 907லேயே கொதித்துவிடும். முதலிலேயே போட்டால் வெள்ளைப் புகையாகப் போய்விடும், அந்தப் புகையை இழுத்தவனுக்கு ராத்திரி காய்ச்சல் வரும். ஈயம் கனமானது, கிளறாவிட்டால் அடியில் தங்கும். கிளறிக்கொண்டே இருக்கணும். கருவும் பழுக்கச் சூடாக இருக்கணும், உலோகமும் அதே நேரத்தில் தயாராகணும். ரெண்டு அடுப்பையும் ஒரு ஆளால் பார்க்க முடியாது, அடுத்தவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டே ஆகணும். ஒல்லியாக, அறுபடாமல் ஊற்றணும். நடுவில் நின்றால் சிலைக்குள் தையல் போட்ட மாதிரி கோடு விழும்.

இதையெல்லாம் தாண்டி நகாசுக்கு வந்தால் உளியும் அரமும் கையுமாக வாரக்கணக்கில் குனிந்தபடி உட்காரணும். மெழுகில் பத்து நிமிஷத்தில் திருத்தியிருக்கக்கூடிய மூக்கைச் செம்பில் திருத்த ஒரு நாள் போகும். அடுத்த சிலையில் மெழுகு வேலையை அவன் எப்படிச் செய்கிறான் என்று பார், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம்.

நேர்மை விஷயத்தையும் தாத்தாவிடமிருந்தே அவன் பார்க்கணும். பஞ்சலோகம் என்று கேட்டு வருகிறவரிடம் தங்கமும் வெள்ளியும் சாஸ்திரத்துக்குப் பொட்டு அளவுதான் என்று உங்க அப்பா முகத்துக்கு நேராகவே சொல்வார். புதுச் சிலையைப் புளியிலும் மண்ணிலும் புதைத்துப் பழசு போலாக்கித் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை தொல்பொருள், ஏற்றுமதிக்கு வழியில்லை. புதுசை வெளிநாட்டுக்கு அனுப்பவே தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கணும். பேரன் முன்னால் அப்படி ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினால், அது நூறு புத்திமதிக்குச் சமம்.

இப்போது வயது விஷயம். 2023 செப்டம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த, கைவினைஞர்களுக்குக் கடன் தரும் விஸ்வகர்மா திட்டத்தில் குறைந்தபட்ச வயது 18. அதை 35 ஆக்கணும், குலத்தொழில் என்ற நிபந்தனையை எடுக்கணும் என்று தமிழ்நாடு கேட்டது. அப்புறம் தானே கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் 35 வயது ஆனவர்களுக்கு மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், உச்சவரம்பு 50,000. பட்டறைக்காரர்கள் ரெண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். எனக்கு 35 என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பதினெட்டில் கடன் கொடுத்துக் கட்டிப்போடக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. தொழில் கற்றுக்கொள்ள வயது பார்க்க வேண்டாம், கடன் வாங்க வயது பார்க்கணும்.

ஒரு சிலை முடித்தபின் அவனுக்கு மூன்று வழி. மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி ஒன்று. 1957ல் பயிற்சி மையமாக ஆரம்பித்தது, இப்போது பட்டப்படிப்பு. தாலமானம் என்ற அளவுக் கணக்கும் வரைபடமும் அங்கே ஒழுங்காக வரும், வெளிக் குடும்பத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதும் நல்லது. இன்ஜினியரிங் என்றால் உலோகவியல் எடுக்கச் சொல். உருக்கும் வெப்பமும் பொத்தலும் அங்கே பாடமாகவே இருக்கிறது, அவன் அம்மாவும் சமாதானமாவாள். பட்டறையில் நேரே உட்காருவது மூன்றாவது. அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஆர்டர் இல்லாத மாதங்களைத் தாங்க இன்னொரு கை வேணும்.

உன் சின்ன மகளையும் அனுப்பு. போன தடவை மெழுகைத் தொட விடாமல் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள் என்று எழுதியிருந்தாய். அவள் வரைகிற படங்களைப் பார்த்தால் ஓலை பிடிக்க அவள்தான் சரி என்று தோன்றுகிறது.

ஐப்பசி மழைக்கு முன்னால் அனுப்பிவிடு, அப்புறம் கரு காயாது. நைலான் சட்டை வேண்டாம், பருத்தி மட்டும். தோல் ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடு. அப்பாவிடம் நீயே போன் போட்டுச் சொல். நான் சொன்னதாகச் சொன்னால் மண் அரைக்கும் வேலை என் தலையில்தான் விழும்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்