எந்தக் கடல், எத்தனை மணி வரை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் இப்போது வானிலை எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. கைபேசியில் குறுஞ்செய்தி வருகிறது, வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது, கடலோர ஊர்களில் கோயில் ஒலிபெருக்கியிலும் சொல்கிறார்கள். 2017-ல் வந்த ஒக்கிப் புயலுக்கு முன்பிருந்த நிலை இன்று இல்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எந்த இடத்துக்கு, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் ஒரே செய்தியில் சேர்ந்து வருவது அபூர்வம். வானிலை மையத்தின் அறிக்கையில் இடமும் நேரமும் இருக்கின்றன. கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேரும்போது அது "குமரிக்கு ஆரஞ்சு அலர்ட்" என்று மூன்று சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

நிறத்துக்கு நம் ஊரில் பள்ளிக்கூட அர்த்தம்தான் இருக்கிறது. மஞ்சள் என்றால் பள்ளி உண்டு, ஆரஞ்சு என்றால் சந்தேகம், சிவப்பு என்றால் விடுமுறை. உண்மையில் அந்த நிறம் மழையின் அளவை மட்டும் வைத்துக் கொடுக்கப்படுவதில்லை. நடப்பதற்கான வாய்ப்பையும் ஏற்படக்கூடிய பாதிப்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அளவைச் சொல்பவை கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்ற சொற்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21 செ.மீ.யும் அதற்கு மேலும் அதி கனமழை. அதற்கு மேல் உச்சவரம்பே கிடையாது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பெய்தது 95 செ.மீ. அதுவும் அதி கனமழைதான், 22 செ.மீ. பெய்தாலும் அதி கனமழைதான். இன்னொன்று: இங்கே ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நள்ளிரவில் தேதி மாறுவதாக நினைத்துக்கொண்டு வாசிப்பவருக்குப் பாதி இரவு கணக்கில் தவறிவிடும்.

செ.மீ. என்று சொன்னால் பலருக்குக் கண்ணில் எதுவும் தெரிவதில்லை. 10 சென்ட் மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் ஒரே ஒரு செ.மீ. பெய்தால் ஒரு கோடி லிட்டர். இப்படி ஒரு வரி சேர்த்து எழுதினால் ஓடையை ஒட்டிக் குடியிருப்பவருக்கு விஷயம் உடனே புரியும்.

"ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்ற வாசகத்தையும் "நமக்கு இல்லை" என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாத பரப்பு என்பதுதான் அதன் கணக்கு. நம் மாவட்டத்தில் அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் மலையோரமாகவே இருக்கும். பேச்சிப்பாறையிலும் பெருஞ்சாணியிலும் கொட்டியது மூவாற்றுமுகத்தில் ஒன்றுசேர்ந்து குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்துக்கு வரும். அன்று கிள்ளியூர்ப் பக்கம் வெயில்கூட அடிக்கலாம். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற கொள்ளளவு உயரம் செய்தி படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் வினாடிக்கு இத்தனை கனஅடி திறக்கப்பட்டது என்ற செய்தியை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் இருப்பவர் என்ன முடிவெடுப்பார்? இவ்வளவு திறந்தால் குழித்துறையின் தாழ்வான சப்பாத்துப் பாலத்தின் மேல் தண்ணீர் ஏறும், அது இத்தனை மணிக்கு அங்கே வந்து சேரும் என்று சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு நீர்வளத் துறைப் பொறியாளர்களிடம் இருக்க வேண்டியது. அதைக் கனஅடியோடு சேர்த்து வெளியிடுவதில் என்ன சிரமம் என்று தெரியவில்லை.

கடலுக்கு வருகிறேன். இங்கேதான் செய்தியின் குறை உயிரோடு விளையாடுகிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்கித் தொழில் செய்கின்றன. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்பது காலையில் போய் மாலையில் திரும்பும் வள்ளத்துக்குப் பொருந்தும்; ஏற்கெனவே கடலில் இருப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை. "உடனே கரைக்குத் திரும்பவும்" என்பது அதைவிடச் சிக்கல். 300 கடல் மைல் தள்ளி நிற்கும் படகு மணிக்கு 7 கடல் மைல் வேகத்தில் வந்தால் கரை சேர 43 மணி நேரம் ஆகும். 24 மணி நேரத்தில் புயல் குறுக்கே வருமானால் அந்தக் கட்டளை படகைப் புயலின் வாய்க்கே அனுப்பிவைக்கும். அவருக்குத் தேவை புயல் இப்போது எங்கே, 12 மணி நேரம் கழித்து எங்கே, பலத்த காற்று எத்தனை கடல் மைல் சுற்றளவில் என்பவை. நம் கடலில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம்தான் காற்று கூடுதல். ஒக்கி மேற்கு வடமேற்காக நகர்ந்தபோது அந்த வலப்பக்கம் கரைப்பக்கமாகவே இருந்தது.

ஒக்கியில் இன்னொரு பாடமும் உண்டு. புயல் அறிவிப்பு வழக்கமாகப் படிப்படியாக வரும்: 72 மணி நேரத்துக்கு முன் ஒன்று, 48-க்கு முன் ஒன்று, 24-க்கு முன் ஒன்று. 2017 நவம்பர் 29 காலை தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலை புயலாகிவிட்டது, அதுவும் கன்னியாகுமரிக்கு மிக அருகில். அந்தப் படிகள் ஏறுவதற்கு நேரமே இல்லை. ஆகவே "புயல்" என்ற சொல் வரட்டும் என்று யாரும் காத்திருக்கக் கூடாது. மணிக்கு 51 கி.மீ. காற்றைத் தொட்டாலே ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ல் புயல். வள்ளத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. "40 முதல் 50 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 60 கி.மீ. வேகத்திலும்" என்று அறிக்கையில் இருந்தால் கணக்கில் வைக்க வேண்டியது 60-ஐத்தான். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் அது தள்ளும் அழுத்தம் இரண்டேகால் மடங்காகிறது. செய்தி சுருக்கப்படும்போது முதலில் வெட்டுப்படுவதோ அந்த "இடையிடையே" வரிதான்.

அலை உயரத்திலும் இப்படி ஒரு மறைவு இருக்கிறது. 3 மீட்டர் என்று அறிவிப்பில் வருவது, உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் தனி அலை ஒன்று 5, 6 மீட்டர் வரை எழலாம்.

சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் படகை வழிதவற வைப்பது புள்ளிக் கணக்கு. அறிக்கையில் 7.5 டிகிரி வடக்கு என்று இருக்கும். பெரும்பாலான படகுகளில் ஜிபிஎஸ் கருவி டிகிரி, நிமிடம் என்று காட்டும். 7.5 என்பது 7 டிகிரி 30 நிமிடம். அவசரத்தில் 7 டிகிரி 50 நிமிடம் என்று அடித்துவிட்டால் இடம் 20 கடல் மைல், அதாவது 37 கி.மீ. தள்ளிப்போகிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள ஓரிலக்க எண்ணை 6-ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும், 7.2 என்றால் 7 டிகிரி 12 நிமிடம். ஆனால் இந்தப் பெருக்கலை ஆடுகிற படகில் அதை ஓட்டும் ஸ்ராங்க் ஏன் செய்ய வேண்டும்? அனுப்புகிறவர் மேசையில் உட்கார்ந்து செய்து அனுப்பலாமே.

செய்தி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"குமரிக்கடல். 7° 00' முதல் 8° 00' வடக்கு, 76° 30' முதல் 78° 00' கிழக்கு. காற்று 45–55 கி.மீ., இடையிடையே 65. வியாழன் காலை 6 முதல் வெள்ளி இரவு 11.30 வரை. வள்ளங்கள் புறப்பட வேண்டாம். இந்த எல்லைக்குள் இருக்கும் படகுகள் 8° 30'-க்கு வடக்கே செல்லவும். வெளியிட்ட நேரம் புதன் மதியம் 1.15. அடுத்த செய்தி இரவு 8."

ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். "இன்று", "நாளை" என்ற சொற்களே இதில் இல்லை என்பதைக் கவனிக்கவும். வாட்ஸ்அப்பில் மூன்று நாள் சுற்றிய செய்தியில் "நாளை" என்று இருந்தால் அது எந்த நாளை? எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கலாம் என்பதும் சேர வேண்டும். தேங்காப்பட்டணம் நுழைவாயிலில் அலை உடைந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைவது நடுக்கடலில் நிற்பதைவிட ஆபத்தாகலாம். அன்று முட்டமா, சின்னமுட்டமா, விழிஞ்ஞமா என்று சொல்லிவிட வேண்டும்.

கள்ளக்கடல் தனி வகை. தென் இந்தியப் பெருங்கடலில் ஆயிரக்கணக்கான கி.மீ. தொலைவில் வீசிய புயல்காற்று கிளப்பிய நெடிய அலைகள், சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை என்று எல்லை குறித்து, நேரமும் குறித்து எச்சரிக்கை விடுகிறது. ஆனால் அதில் வரும் 2 மீட்டர் என்ற எண் ஆளை ஏமாற்றும். ஆடிமாதத்தில் இதைவிட உயரமான அலையைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்த அலைகள் அடுத்தடுத்து வந்து கரையிலேயே உடைந்துபோகும். கள்ளக்கடலில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி 15 விநாடிக்கு மேல் போகும். உயரம் குறைவு என்றாலும் தண்ணீர் அதிகம். கடல் நீர்மட்டம் உயரும் ஏற்றநேரமும் சேர்ந்துவிட்டால் அழிக்கால் போன்ற தாழ்ந்த கரைகளில் தெருவுக்குள் ஏறும். அறிவிப்பில் இடைவெளியையும் அந்த நாளின் ஏற்றநேரத்தையும் போடாமல் உயரத்தை மட்டும் போடுவது அரைகுறை. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. மீனவர் குழுக்களுக்குப் போகும் செய்தி, காரில் வந்து இறங்கும் வெளியூர்க்காரரை எட்டாது. அவருக்கு விடுதி வரவேற்பறையிலும் வாகன நிறுத்தக் கட்டணச் சீட்டிலும்தான் சொல்ல முடியும்.

ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியின் குரல் முன்னும் பின்னும் 100 மீட்டர் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 36 விநாடி. எதிர்க்காற்றில் அதுவும் பாதியாகும். "மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று தொடங்கினால் விஷயம் வருவதற்குள் வண்டி வளைவு திரும்பிவிடும். முதல் சொல் ஊர்ப்பெயராகவும் இரண்டாவது வாக்கியம் செய்ய வேண்டிய வேலையாகவும் இருக்கட்டும். வண்டி சந்திகளில் நின்று இரண்டு முறை சொல்லட்டும்.

எச்சரிக்கை விலக்கப்பட்டதை யாரும் இதே சத்தத்தோடு அறிவிப்பதில்லை என்பதும் ஒரு குறைதான். காற்று தணிந்த பிறகும் பழைய செய்தியே சுற்றிக்கொண்டிருந்தால் தொழில் நாள் வீணாகும். இரண்டு முறை அப்படி வீணானவர் மூன்றாவது எச்சரிக்கையை மதிக்கமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பத்திரிகைகளிடமும் சில வேண்டுகோள்கள். "குளச்சலில் 3-ம் எண் கூண்டு" என்று துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டைத் தலைப்பாக்கும்போது அதன் பொருளையும் போடுங்கள். அந்த எண்கள் துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் உரியவை. 1, 2 என்றால் புயல் தொலைவில். 3, 4 என்றால் துறைமுகத்திலேயே மோசமான வானிலைக்கு வாய்ப்பு. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு அபாயம்தான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது நேராக மேலேயே வருமா என்பதில்தான் வேறுபாடு. 5-லிருந்து 6 ஆனதும் "அபாயம் அதிகரிப்பு" என்று எழுதுவது தவறு. நேற்று மதிய அறிக்கை இன்று காலை அச்சில் வரும்போது அதற்கு வயது 18 மணி நேரம் ஆகியிருக்கும். வெளியான நேரத்தையும் காலாவதி நேரத்தையும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் அந்தச் செய்தியின் முதல் வரியிலேயே போடலாம். இடம் போதவில்லை என்றால் குமரிப் பதிப்பில் சென்னை வெப்பநிலைக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இங்கே அதை யாரும் தேடமாட்டார்கள்.

தங்கள் வாசகன்,
குளச்சல்