பாடியது யார் என்று போடச் சொல்

மண்டபம்

அன்புள்ள தாயிக்கு,

நீ அனுப்பிய பாட்டைக் கேட்டேன். போனில் கேட்டது போதாதென்று நம் சவுண்ட் செட் கடைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஸ்பீக்கர்ப் பெட்டியில் போட்டும் கேட்டேன். சரணத்தில் மேலே போய் இறங்குகிறாயே, அங்கே மூச்சு எப்போது எடுக்கிறாய் என்றே பிடிபடவில்லை. அதைப் பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள், உன் பாட்டை வீடியோவாக வெளியிடுவதாகச் சொல்லும் அந்த நிறுவனத்தார் பேசியதை அம்மா சொல்லிவிட்டாள். குரல் உன்னுடையதாம், வீடியோவில் வேறொரு பெண் வாயசைப்பாளாம், விளம்பரத்தில் அவள் பெயர்தான் வருமாம், உன் பெயரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாமாம். உன் நிறத்தையும் உடம்பையும் பற்றியும் ஏதோ சொன்னார்களாமே. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பாட்டுக்காரருக்கு முகமும் வேண்டும் என்பது புதிதில்லை, அதை நான் மறுக்கவில்லை. தியாகராஜ பாகவதர் காலத்தில் பாதித் தமிழ்நாடு பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டு திரிந்தது. ஆனால் அந்தக் கிராப்புக்குக் கீழே பாகவதரின் தொண்டை இருந்தது.

சினிமாவிலும் ஒருவர் பாட இன்னொருவர்தானே வாயசைக்கிறார் என்று நீ கேட்கலாம். அது வேறு, தாயி. சிவாஜிக்குப் பாடுவது டி.எம்.எஸ். என்று ஊருக்கே தெரியும். டைட்டிலில் பின்னணி பாடியவர்கள் என்று பெயர் போடுவார்கள். அப்போதெல்லாம் இலங்கை வானொலி இந்தக் கரையில் உள்ளூர் ஸ்டேஷன் போலத் தெளிவாகக் கேட்கும். பாடியவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். ஜானகியையும் எல்.ஆர்.ஈஸ்வரியையும் வாணி ஜெயராமையும் முகம் பார்க்காமலே பிரித்துச் சொல்லும் காது எங்கள் வயதுக்காரர்களுக்கு அப்படித்தான் வந்தது. நம் பழைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985-ல் சினிமாவுக்கும் போனார். கிராமத்துச் சேலையும் கிராமத்துக் குரலுமாகத்தான் போனார். நாகூர் ஹனிபா 1925-ல் ராமநாதபுரத்தில் பிறந்தவர் என்பது உனக்குத் தெரியுமா? அவர் கேசட்டை எந்தக் குழாய் ஒலிபெருக்கியில் போட்டாலும் சொல் உடையாமல் வரும். உப்புக்காற்றில் தகடு அரித்துப்போன குழாயில்கூட.

பெயரை மறைக்கும்போதுதான் அது திருட்டு ஆகிறது. 1949-ல் மஹல் என்ற இந்திப் படத்தின் இசைத்தட்டில், பாடியவர் காமினி என்று அச்சடித்தார்கள். காமினி என்பது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர்! பாடியது யார் என்று ஜனங்கள் வானொலிக்குக் கேட்டு எழுதிய பிறகுதான் லதா மங்கேஷ்கர் பெயர் வெளியே வந்தது. நாற்பது வருஷம் கழித்து அமெரிக்காவிலும் இதே கதை. மார்த்தா வாஷ் என்ற பாடகியின் குரலில் நடனப் பாட்டுகள் சக்கைப்போடு போட்டன. வீடியோவில் ஒல்லியான பெண்கள் வாயசைத்தார்கள். மார்த்தா பருமனானவர், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அவர் வழக்குப் போட்டார். அதன் பிறகுதான் அங்கே குரல் கொடுத்தவர் பெயரைப் போடும் வழக்கம் உறுதியானது.

முகம் கொடுத்தவர்களும் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. மில்லி வனில்லி என்று இரண்டு பையன்கள், 1990-ல் கிராமி விருது வாங்கினார்கள். ஆல்பத்தில் அவர்கள் ஒரு வரிகூடப் பாடவில்லை என்று தெரிந்ததும் அதே வருஷம் நவம்பரில் விருதைப் பறித்தார்கள். அவர்களில் ஒருவர் 1998-ல் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அதனால் உன் பாட்டுக்கு வாயசைக்க வரும் பெண்மீது கோபப்படாதே. அவளும் கூலிக்கு வருகிறவள்தான்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது! போன திருவிழாவில் ஒரு பையன் கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினான். கூட வந்தவர் பென்டிரைவைக் கொடுத்து, "அண்ணே, இவரு மைக்க இறக்கி வச்சிருங்க, ட்ராக்குலயே குரல் இருக்கு" என்றார். இறக்கினேன். ஹெட்போனில் மட்டும் அந்த மைக்கை எடுத்துக் கேட்டேன்: ஆடி ஆடி இரைக்கிற மூச்சுதான் வந்தது. அதே மேடையில் பின்வரிசையில் நின்ற ஒரு பெண் நிஜமாகவே பாடினாள், அப்படியொரு சுத்தமான சுருதி. நோட்டீஸில் அவள் பெயர் இல்லை, மைக்கிலும் யாரும் சொல்லவில்லை. வலை பின்னும் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "அந்தப் புள்ள யாருய்யா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாளைக்கு உன் பாட்டைக் கேட்டும் யாராவது அப்படிக் கேட்பார்கள். அதற்குப் பதில் அந்த வீடியோவிலேயே இருக்க வேண்டும்.

ஃபாலோயர் பத்தாது, காசு கொடுத்து வியூஸ் ஏற்றலாம் என்றும் சொன்னார்களாம். வேண்டாம். ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு ஆப்பில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 12 மாதத்தில் 1000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் காசே கிடையாது. அதனால்தான் இப்போது முன்னிசையை வெட்டிவிட்டு எடுத்த எடுப்பில் பல்லவியைக் கொட்டுகிறார்கள். வியாபாரம் அப்படி, இருந்துவிட்டுப் போகட்டும். சுருதியைத் திருத்தும் மென்பொருளும் 1997-லேயே வந்துவிட்டது. கருவியோடு எனக்குச் சண்டை இல்லை, நானும் எக்கோ வைத்துப் பிழைக்கிறவன்தான். ஆனால் வாங்கின வியூஸுக்குக் காது கிடையாது. அந்தக் காசில் ஒரு நல்ல மைக் வாங்கு.

ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதே. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தில் 38ஏ, 38பி என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. பாடினதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் பாடினவருக்கு ராயல்டி உண்டு என்று முதலாவது சொல்கிறது. பாடியது நான்தான் என்று உரிமை கோரலாம் என்று இரண்டாவது சொல்கிறது. இரண்டையும் காட்டிக் கேள். வீடியோவிலேயே உன் பெயர் வர வேண்டும், வீடியோவுக்குக் கீழே தட்டித் திறந்தால்தான் தெரியும் சின்ன எழுத்தில் இல்லை. சரி என்றால் பாடு, யார் வேண்டுமானாலும் ஆடட்டும். முடியாது என்றால் எழுந்து வந்துவிடு. வாடகைக்கு நான் அனுப்புகிறேன், அதை நினைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

ஜூலையில் மூக்கையூர் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நம் செட்தான். கீபோர்டும் தபலாவும் நேரில் வாசிக்க ஆள் பேசியிருக்கிறேன், ட்ராக் கிடையாது. நீ இரண்டு பாட்டு பாட வேண்டும். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் உன் பெயரை எப்படிப் போடுவது என்று சொல். உன் சுருதி இப்போதும் ஐந்தரைக் கட்டைதானா, இறக்கிவிட்டாயா? கீபோர்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா